பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய சைக்கிள்

பலாங்கொடைப் பக்கம் ரோட் பைக் வாங்கப் போகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பனி நல்லது?" அடுத்தது, "எத்தனை கிலோ?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். முன்னால் சின்னச் செயின் வீலில் எத்தனை பல், பின்னால் பெரிய வட்டத்தில் எத்தனை பல்? தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சைக்கிள் தானமாகவே வந்தாலும் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். நாம் இருக்கிற இடம் அப்படி.

டவுன் கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிற ஏ4 ரோடு நம்மைத் தாண்டி பெலிஹுல் ஓயா, ஹல்துமுல்ல என்று ஏறி, பெரகலையில் பிரிகிறது. அங்கிருந்து ஹப்புத்தளைக்கு ஏறி முடிக்கும்போது 1,400 மீற்றரைத் தாண்டியிருப்போம். அதாவது ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரத்தில் 900 மீற்றர் உயரம். இது காபட் போட்ட நல்ல ரோட்டின் கதை. பெட்டியாகல வழியாக பொகவந்தலாவைக்கு ஏறுகிற ரோட்டையும், தோட்டத்து ஸ்டோரிலிருந்து மேல் டிவிஷனுக்குப் போகிற ரோட்டையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. காலிமுகத்திடலில் காலையில் காற்று வாங்க ஓட்டுகிறவருக்குச் சரியாக இருக்கிற சைக்கிள் நமக்குச் சரிப்படாது. அவர் பேச்சைக் கேட்டு வாங்கினால் பெலிஹுல் ஓயா தாண்டி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்த ஆசை நம் பக்கம் பரவியது 2022க்குப் பிறகுதான். பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் நின்ற காலம் அது. இருந்த பழைய சைக்கிளை எல்லாம் தூசி தட்டி எடுத்தார்கள். இல்லாதவர்கள் வாய்க்கு வந்த விலை சொன்னவர்களிடம் வாங்கினார்கள். பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பாதிப் பேர் திரும்ப மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு ருசி பிடித்துவிட்டது. அந்த மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல்லுக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கையில் அதிகம் அகப்படுவது ஜப்பானிலிருந்து வருகிற ரீகண்டிஷன் ரோட் பைக். அதன் பழைய மாடல்களில் முன்னால் 52, 42 பல் என்று இரண்டு செயின் வீல் இருக்கும். பின் ஃப்ரீவீலில் பெரிய வட்டம் 24 அல்லது 28 பல். 28 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 42ஐ 28ஆல் வகுத்தால் ஒன்றரை. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஒன்றரைச் சுற்றுச் சுற்றும், சைக்கிள் 3.2 மீற்றர் முன்னால் போகும். இப்போது வருகிற காம்பாக்ட் செட்டில் முன்னால் 50, 34. பின்னால் 32 வரை போகலாம். 34க்கு 32 என்றால் ஒரு சுற்றுக்கு 2.3 மீற்றர்கூட இல்லை.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் ஏற்றத்தில். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, ஏற்றம் நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் பழைய கியரில் மணிக்கு 11 கிலோமீற்றருக்கு மேல் ஏறியாக வேண்டும். பாரத்தைத் தூக்க மட்டும் 200 வாட் வேண்டும். பழக்கமில்லாதவருக்குச் சில நிமிடத்தில் மூச்சு முட்டும். புதுக் கியரில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 8 கிலோமீற்றர், 140 வாட். பேசிக்கொண்டே ஏறலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இறங்காமல் ஏறலாம். "மெதுவா மிதிச்சா போகுது, எதுக்குக் கியர்?" என்று கேட்பார்கள். பழைய கியரில் மெதுவாக மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில்தான் பாரம் ஏறும். தேயிலை மலையில் ஏறி இறங்கின அம்மாமார் எத்தனை பேர் ஐம்பது வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா?

சின்ன கியர் போடுவது வெட்கம் என்று நினைக்கிறவர்கள் எங்கேயும் உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜ் அந்தக் கட்சிக்குத் தலைவர். கியர் எல்லாம் வயசானவர்களுக்கு, வாலிபன் ஒரே பல்லில் தசை பலத்தால் ஏற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பந்தயக்காரர்கள் மலை அடிவாரத்தில் இறங்கிப் பின் சக்கரத்தைக் கழற்றி, அதன் மறுபக்கத்துப் பல்லுக்குத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஓடிக்கொண்டே கியர் மாற்றும் டிரெய்லியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்தது 1937இல்தான். அவர் அந்த வேலையிலிருந்து ஒதுங்கிய பிறகு!

சரி, கடைக்கு வருவோம். ஷிமானோவின் ரோட் செட்டுகளைக் கீழிருந்து மேலாகச் சொன்னால் டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105. அதற்கு மேலே உள்ளது நம் பேச்சுக்கு வேண்டாம். மேலே போகப் போகப் பின்னால் வட்டங்கள் கூடும். கிளாரிஸில் எட்டு, சோராவில் ஒன்பது, இப்போதைய 105இல் பன்னிரண்டு. முதல் சைக்கிளுக்கு எட்டே போதும் என்பது என் கட்சி. காசை மிச்சம் பிடிக்க இதைச் சொல்லவில்லை. எட்டு வட்டத்துக்குப் போடுகிற செயின் ஆறுக்கும் ஏழுக்கும் பொருந்தும். சின்னப் பிள்ளைகளின் கியர் சைக்கிளுக்குப் போடுகிற செயின் இது என்பதால் டவுனிலேயே கிடைக்கும். பன்னிரண்டு வட்டத்தின் செயின் அறுந்தால் 99 பஸ் ஏறி கொழும்பு டாம் வீதிக்குப் போக வேண்டும். அங்கேயும் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். பாகம் எதுவானாலும் நான் பார்க்கிற முதல் தகுதி இதுதான்: இது தேய்ந்தால் அடுத்தது எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்?

வாங்கும்போது பின் டிரெய்லியரின் கூண்டை ஒரு தரம் பாருங்கள். இரண்டு குட்டிப் பல்சக்கரங்களைத் தாங்கிக்கொண்டு கீழே தொங்குமே, அதுதான். கிளாரிஸில் குட்டைக் கூண்டு 28 பல்லோடு நின்றுவிடும், நீளமானது 32, 34 வரை தாங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரரே சில சமயம் கவனிப்பதில்லை. பழைய ஜப்பான் சைக்கிள் வைத்திருப்பவர்கள் முழுசாக மாற்ற வேண்டியதில்லை. 24 பல்லோடு நிற்கிற, திருகிப் பூட்டுகிற ஃப்ரீவீல் என்றால் 14இலிருந்து 28 வரை உள்ளதைப் போட்டாலே பாதிக் கஷ்டம் தீரும். ஷிமானோ 1921இல் ஜப்பானின் சக்காய் நகரத்தில் கடை விரித்தபோது முதலில் செய்தது ஃப்ரீவீல்தான். அந்தத் தொழிலில் அவர்களுக்கு நூறு வயது.

இனி டயர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நானாவின் சைக்கிள் சாமான் கடை. பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் டயரைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"நானா, இது ரிம்முல உட்காரவே மாட்டேங்குது. தொளதொளன்னு நிக்குது."

"நீங்க 28 தானே தம்பி கேட்டீங்க? இதும் 28 தான். பாருங்க, போட்டிருக்கு."

இருவர் சொன்னதும் உண்மை. பழைய ராலி சைக்கிள், அந்தக் காலத்தில் கணக்கப்பிள்ளை ஐயாமார் ஓட்டினார்களே, கம்பி பிரேக் வைத்தது, அதற்குப் போடுகிற டயர் 28க்கு ஒன்றரை அங்குலம். ரோட் பைக்கின் 700சி டயரிலும் சில கம்பனிகள் 28 என்று அச்சடிக்கும். போதாததற்கு, 28 மில்லிமீற்றர் அகலம் என்பதற்கும் அதே எண். அங்குலத்தை மறந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 28-622 என்கிற மாதிரி இரண்டு எண் கோடு போட்டு எழுதியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். ரோட் பைக்குக்கு 622. ராலிக்கு 635. பதின்மூன்று மில்லிமீற்றர் பெரியதை மாட்டினால் தொளதொள என்றுதான் நிற்கும். ஜப்பான் பழைய சைக்கிளில் இன்னொன்று வரும், 27 அங்குலம் என்று போட்டிருக்கும். அதன் விட்டம் 630. அந்த டயர் இப்போது லேசில் அகப்படாது. அப்படி ஒரு சைக்கிள் மாட்டினால் பயந்து ஓட வேண்டியதில்லை. 622 சக்கரம் போட்டு, பிரேக் கட்டையை 4 மில்லிமீற்றர் கீழே இறக்க பிரேக்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். சக்கரம் சிறியதானதால் அகல டயருக்கும் இடம் கிடைத்துவிடும்.

அகலம் 28க்குக் குறையாமல் போடுங்கள். 23 போட்டால் வேகம் என்று நம்பிய காலம் போய்விட்டது. பந்தயக்காரர்களே இன்று 28க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள். கரடுமுரடான ரோட்டில் ஒல்லி டயர் கல்லாக இறுகி ஆளைக் குலுக்குகிறது. அகல டயர் பள்ளத்தை விழுங்கிக்கொண்டு உருளுகிறது. 65 கிலோ ஆளுக்கு 28 டயரில் 70, 75 பிஎஸ்ஐ காற்று போதும். மழை நாளில் அதிலும் ஐந்து குறைக்கலாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்கிற கணக்கு ரோட் பைக்குக்கு ஒத்துவராது, மானி வைத்த பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். ரோட் பைக்கின் டியூபில் வருகிற ஒல்லி வால்வு டயர் கடையின் காற்றுக் குழாய்க்குப் பிடிக்காது. அதன் தலையில் திருகுகிற சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே விட்டுவிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு. இறப்பர் கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தது 1876இல். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை எடுத்தது 1888இல். சைக்கிள் டயரும் நம் இறப்பரும் கூடப் பிறந்தவை மாதிரி. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கைகளில் பெரும்பங்கு நம் ஆட்களுடையது. நல்ல ரோட் பைக் டயர் மட்டும் இன்றைக்கும் வெளியிலிருந்து கப்பலேறி வந்து, வரியும் சேர்த்துக்கொண்டு நம்மிடம் சேர்கிறது. சாதாரண சைக்கிள் டயர் இங்கேயே செய்கிறார்கள், அது நன்றாகவும் இருக்கிறது. 622 விட்டத்தில் நல்லதாக ஒன்று உள்ளூரில் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். ஏறியது இறங்கித்தானே ஆக வேண்டும். ஹப்புத்தளையிலிருந்து திரும்பி வரும்போது பெரகலைக்குக் கீழே வளைவுக்கு வளைவு பஸ் வரும், வைகாசி ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், பின்னேரம் என்றால் மழையும் பிடித்துக்கொள்ளும். பழைய சைக்கிளில் குரோம் பூசிய இரும்பு ரிம் இருந்தால் முதல் வேலையாக அலுமினிய ரிம்முக்கு மாறுங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிப்பதும் பிடிக்காததும் ஒன்று. அலுமினியத்திலும் மழையில் முதல் ஒன்றிரண்டு சுற்று வழுக்கும், தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். ஆகவே வளைவு வருமுன்னே லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைக் காயவைத்துக்கொண்டே வர வேண்டும்.

பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்க்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இல்லை. மழையில் ஓட்டிய பிறகு கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்பு இறப்பருக்குள் மினுக்மினுக் என்று பொடி தெரியும். பாதி மணல், பாதி உங்கள் ரிம்மிலிருந்து சுரண்டிய அலுமினியம். மாணிக்கமும் நீலமும் தோண்டுகிற மண் இது, ரோட்டில் வழிந்து வருகிற மணலும் லேசுப்பட்டதல்ல. ஊசி முனையால் அந்தப் பொடியைக் கிள்ளி எடுத்துவிட்டு, உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மாட்டினால் ரிம் பல வருஷம் வரும். ரிம்மின் பக்கத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளக் கோடு அல்லது குட்டிக் குழி போட்டிருப்பார்கள். அது மறைந்துவிட்டதென்றால் ரிம்முக்கு ஆயுசு முடிந்தது.

டிஸ்க் பிரேக் நல்லதா என்றால், நம் மழைக்கு நல்லதுதான். ஆனால் கேபிளால் இழுக்கிற டிஸ்க்கை எடுங்கள். எண்ணெயில் வேலை செய்கிறது இதைவிட மிருதுவாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. அதில் காற்றுப் புகுந்தால் இங்கே யார் பார்ப்பார்? மோட்டார் சைக்கிள் பாஸிடம் கொண்டுபோனால் அவர் நல்ல மனசோடு வாகனத்துக்கு ஊற்றுகிற பிரேக் ஆயிலை ஊற்றுவார். ஷிமானோவுக்கு வேண்டியது மினரல் ஆயில். மற்றது போனால் உள்ளே இருக்கிற சீல் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய சைக்கிள் என்றால் இறங்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள். நம் நாட்டிலும் ஜப்பானிலும் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளுக்கும் செய்ததில் இடது கைதான் முன் சக்கரம். தெரியாமல் பழக்க தோஷத்தில் இடது கையை இறுக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

செயினுக்கு என்ன எண்ணெய் என்று கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். அது 24 பாகையில் உறைகிற எண்ணெய், ஹப்புத்தளைக் குளிரில் செயினுக்குள் வெண்ணெயாகிவிடும். பிறகு பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். வாகனத்திலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலில் இரும்புப் பொடி இருக்கிறது, அதை ஊற்றுவது செயினுக்கு அரம் போடுகிற வேலை. தையல் மெஷின் எண்ணெய் வெயில் காலத்துக்குப் பரவாயில்லை, ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். டபிள்யூடி-40 வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ராக்கெட்டின் மேல்தோலில் தண்ணீர் தங்கித் துருவேறாமல் இருக்கச் செய்த சாமான் அது. மழையில் நனைந்த செயினிலிருந்து தண்ணீரை விரட்ட நல்லது, ஆனால் அதோடு விட்டுவிட்டால் செயின் வறண்டு கீச்சிடும். சைக்கிளுக்கென்றே விற்கிற மழைக்கால எண்ணெய் கிடைத்தால் முதல் தரம். கிடைக்காவிட்டால் புதிய என்ஜின் ஆயிலை ஒவ்வொரு மூட்டுக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் பெடலைப் பின்னால் சுற்றி, வெளியில் தெரிகிற எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது மூட்டுக்குள்ளே. வெளியில் நிற்பது மண்ணைச் சேர்க்க மட்டும்தான்.

கழுவ மண்ணெண்ணெய் போதும். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதிலிருந்து அதையும் அளந்துதான் ஊற்றுகிறோம். ஒரு ஜாம் போத்தலில் செயினைப் போட்டுக் குலுக்கி எடுங்கள். போத்தலை மூடி வைத்தால் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பாவிக்கலாம். அடி அழுக்கைக் கொண்டுபோய் ஓடையில் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் கீழ் லயத்தின் பீலிக்கு வருகிறது.

செயின் எப்போது மாற்றுவது என்பதற்கு விலை கூடிய கருவி ஒன்று விற்கிறார்கள். பள்ளிக்கூடத்து அடிக்கோல், இரும்பில் செய்தது, அதுவே போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். சரியாக 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் புதுச் செயின் போடுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் நாள் பிந்திவிட்டது. பின்னாலுள்ள பல்லும் செயினோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் உட்காராமல் தாண்டும். செயின் மலிவு, பல் விலை. காலத்துக்குச் செயினை மாற்றிக்கொண்டு போனால் ஒரு செட் பல் மூன்று செயினுக்கு வரும்.

பாரம், சீட், பெடல் இதெல்லாம் பிறகு பார்க்கலாம். அரைக் கிலோ குறைப்பதற்குக் கொடுக்கிற காசில் நல்ல டயர் இரண்டு வந்துவிடும். சீட்டின் உயரம் மட்டும் சரியாக இருக்கட்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். காற்றுக் காலத்தில் ஓட்டுவதாக இருந்தால் பக்கம் உயர்ந்த ஏரோ ரிம் வேண்டாம், பெரகலைக் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும்.

பையில் இரண்டு சாமான் நிரந்தரமாகக் கிடக்கட்டும். ஒன்று பிரேக் கம்பி. ரோட் பைக் லீவருக்குள் போகிற கம்பியின் தலை பேரிக்காய் வடிவத்தில் இருக்கும், சாதாரண சைக்கிளுக்கு உருளையாக இருக்கும். டவுனில் அநேகமாக இரண்டாவதுதான் அகப்படும். இரு முனையிலும் இரண்டு தலையும் வைத்த கம்பி உண்டு, தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். இரண்டாவது, பின் டிரெய்லியரைச் சட்டத்தோடு பிடிக்கிற ஹேங்கர். சைக்கிள் விழுந்தால் சட்டம் வளையாமல் தான் வளைந்து கொடுப்பதற்காக மெத்தென்ற அலுமினியத்தில் செய்கிறார்கள். ஒரு மாடலுக்குள்ளது இன்னொன்றுக்குப் பொருந்தாது. சைக்கிள் வாங்குகிற அன்றைக்கே, பில் போடுமுன், அதே மாடலின் ஹேங்கர் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இரும்புச் சட்ட ஜப்பான் சைக்கிள் என்றால் ஹேங்கர் சட்டத்திலேயே சேர்ந்திருக்கும். வளைந்தால் கைதேர்ந்த பாஸ் ஒருவர் நிமிர்த்திக் கொடுத்துவிடுவார்.